நாலாவது பூட்டு

இல்லாத கரண்டுக்கு யாராவது பூட்டுப் போடுவார்களா? சின்னக்கண்ணு போட்டாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, அந்தக் கோடை முழுக்கப் போட்டாள். அதைப் பார்க்கப் பார்க்க எலக்ட்ரீசியன் ஆவுடையப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம். மழை பொய்த்து, அணைகள் வற்றி, கரண்டும் வற்றிப்போயிருந்த நேரம். காலை பத்து மணிக்குப் போனால் மதியம் இரண்டு மணிக்குத்தான் வரும். திண்டுக்கல்லுக்கு வடக்கே இருந்த அந்த நூல் மில்லில் பத்தடித்ததும் நூல் நூற்கிற முப்பது ரிங் ஃப்ரேமும் ஒரே மூச்சில் அடங்கும். ஆட்கள் வேப்ப மரத்தடிக்குப் போய்த் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். அந்த நாலு மணி நேரத்தில் வேலை இருந்தது நாலே நாலு பெண்களுக்குத்தான்.

அவர்கள் வேலை தரைக்கு அடியில். ஃப்ரேம்கள் நிற்கும் தரைக்குக் கீழே ஆள் குனிந்து நடக்கிற உயரத்தில் ஒரு காற்றுச் சுரங்கம் ஓடியது. நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் ஈரக்காற்று வேண்டும். மேலே இருக்கிற சூட்டுக்காற்றையும் பஞ்சுத் தூசியையும் கீழே இழுத்து, தண்ணீரில் அலசி, ஈரத்தோடு திருப்பி அனுப்புவது அந்தச் சுரங்கத்தின் கோடியில் இருந்த ராட்சத ஃபேன். எட்டடி அகலம். சுரங்கத்தில் பஞ்சு அடைத்தால் காற்று வராது, நூல் அறும். அதைவிட மோசம், ஒரு பொறி விழுந்தால் மில்லே போய்விடும். அதனால்தான் தினமும் பெண்கள் உள்ளே போய்ச் சுரண்டி, கூட்டி, சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

சின்னக்கண்ணு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஆவுடையப்பனிடம் கேட்டாள்.

"ஏண்ணே, நாங்க உள்ள இருக்கயில யாராச்சும் பேனைப் போட்டுட்டா?"

"கரண்டே இல்லயே தாயி. என்னத்தப் போடுறது?"

"வந்துட்டா?"

"ரெண்டு மணிக்குத்தான் வரும். கெவருமெண்டு டயம்."

"திருடன் எத்தன மணிக்கு வருவான்னு கேட்டுக்கிட்டா கதவப் பூட்டுறோம்?" என்றாள் அவள்.

மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். இருபது வருஷ சர்வீஸ், மில்லில் பாதிப் பேருக்கு வயரிங் சொல்லிக்கொடுத்த மனுஷன், ஒரு கூட்டுகிறவளிடம் வாய் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றைக்கு விழுந்த காயம் ஆறவே இல்லை.

மறுநாள் அவள் வீட்டுப் பூட்டோடு வந்து நின்றாள். அவள் புருஷன் பூட்டுப் பட்டறையில் வேலை பார்க்கிறவன். திண்டுக்கல்லில் பூட்டுக்குப் பஞ்சமா? அவன் கையாலேயே செய்த மாங்காய்ப் பூட்டு, எட்டு லிவர், அரைக் கிலோ கனம். பேனல் ரூமில் இருந்த ஃபேனின் மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இறக்கி, அதிலிருந்த ஓட்டையில் பூட்டை மாட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு சுரங்கத்துக்குள் போனாள்.

ஒரு வாரத்திலேயே அதிலும் ஒரு குறை கண்டுபிடித்தாள். தான் முதலில் வெளியே வந்து பூட்டைத் திறந்துவிட்டால், உள்ளே இருக்கிற மற்ற மூன்று பேர் கதி? புருஷனிடம் சொல்லி ஒரு இரும்புக் கொடுக்கு அடித்து வாங்கி வந்தாள். நண்டின் கொடுக்கு மாதிரி இரண்டு வாய், பின்னால் ஐந்து ஓட்டை. வாயைச் சுவிட்சின் ஓட்டையில் கோத்து மூடி, ஆளுக்கொரு பூட்டை ஆளுக்கொரு ஓட்டையில் போட வேண்டும். ஒரே ஒரு பூட்டு மிச்சம் இருந்தாலும் அந்த வாய் திறக்காது, சுவிட்ச் மேலே ஏறாது. கருப்பாயி ஆட்டுக்கொட்டில் பூட்டைக் கொண்டுவந்தாள். ஒருத்தி டிரங்குப்பெட்டிப் பூட்டு, இன்னொருத்தி எங்கேயோ இரவல் வாங்கிய துருப்பிடித்த பூட்டு. வெளியே வந்தால் அவரவர் பூட்டை அவரவர் கழற்றிக்கொள்ள வேண்டும். அடுத்தவள் பூட்டில் கை வைக்கக் கூடாது. இதுதான் சின்னக்கண்ணு போட்ட சட்டம்.

"என்ன ஆவுடையப்பண்ணே, பேனல் ரூம்ல பூட்டுக்கடை போட்டுட்டீக போல!" என்று போகிறவன் வருகிறவன் எல்லாம் கேட்டான். அவர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அவருக்கு எரிச்சல் வந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்த ஃபேனின் ஸ்டார்ட்டரில் பிறவியிலேயே ஒரு காவல் உண்டு. கரண்டு ஒரு விநாடி போனாலும் அதன் கைப்பிடி தானாக விழுந்துவிடும். கரண்டு திரும்பி வந்தாலும், ஒரு ஆள் வந்து கையால் தூக்கிவிட்டால்தான் ஃபேன் ஓடும். ஆனால் அந்த வருஷம் கரண்டு ஒரு நாளைக்கு இருபது தடவை கண் சிமிட்டியது. இருபது தடவை ஓடி ஓடி வந்து தூக்கிவிட யாரால் முடியும்? ஆவுடையப்பன் ஒரு நூல்கயிறு எடுத்துக் கைப்பிடியை மேலேயே இழுத்துக் கட்டிவிட்டார். ஃபேன் தானாக நிற்கும், தானாக ஓடும். கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தார். அந்தக் கயிறு இருக்கிற வரை, அந்தப் பெண்களுக்கும் ஃபேனுக்கும் நடுவில் இருந்தது மெயின் சுவிட்ச் ஒன்றுதான் என்பதை அவர் நினைக்கவில்லை. நினைக்க விரும்பவில்லை என்றும் சொல்லலாம்; அந்தப் பூட்டுகளோ தினமும் அதை நினைவூட்டின.

அன்றைக்கு வியாழக்கிழமை. காலையிலேயே சின்னக்கண்ணு எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தாள். ரெட்டியார்சத்திரத்தில் மாமியார் வீட்டில் விட்டிருந்த பிள்ளைக்குக் காய்ச்சல், பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், சீக்கிரம் கிளம்பிவிடுவேன் என்று. பத்தடித்ததும் கரண்டு போனது. நாலு பூட்டும் தொங்கின. நாலு பேரும் உள்ளே போனார்கள்.

பன்னிரண்டரைக்குக் கருப்பாயியும் மற்ற இரண்டு பேரும் சாப்பிடுவதற்கு மேலே வந்து, தங்கள் பூட்டுகளைக் கழற்றிக்கொண்டார்கள். தலையெல்லாம் பஞ்சு, புருவமெல்லாம் பஞ்சு. தூக்குச்சட்டியைத் திறந்து முதல் வாய் வைக்கவில்லை, தலைக்கு மேல் டியூப்லைட் மினுக் மினுக்கென்று எரிந்தது.

மணி பன்னிரண்டு நாற்பது. எந்தப் புண்ணியவான் எங்கே எதைத் திருகினானோ, கரண்டு ஒரு மணி இருபது நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டது.

மரத்தடியில் படுத்திருந்த கூட்டம் துண்டை உதறிக்கொண்டு ஓடியது. ஒவ்வொன்றாக முப்பது ஃப்ரேமும் இரைய ஆரம்பித்தன. ஸ்பின்னிங் மாஸ்டர் ஸ்தனிஸ்லாஸ் வேர்த்து விறுவிறுத்து பேனல் ரூமுக்கு வந்தார். நல்ல மனுஷன். ஆனால் நூல் அறுந்தால் தன் நரம்பே அறுந்த மாதிரி பதறுகிறவர்.

"ஆவுடையப்பன், ஹுமிடிட்டி பிளான்ட் ஃபேன் ஏன் இன்னும் ஓடல? வெளிய அடிக்கிற அனலுக்கு ஒரு ஃப்ரேமுல நூல் நிக்கல. பொட்டு பொட்டுன்னு அறுது!"

ஆவுடையப்பன் சுவிட்சைக் காட்டினார். இரும்புக் கொடுக்கில் ஒரே ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. மாங்காய்ப் பூட்டு.

"சின்னக்கண்ணு எங்க?" என்றார் மாஸ்டர்.

கருப்பாயி விழித்தாள். "பஸ்ஸுக்குப் போவணும்னுச்சுங்க சார். எங்களுக்கு முன்னாடியே அது பேன் பக்கமாப் போயிருச்சு. அந்தக் கடேசியில குடோன் பக்கம் ஏறுறதுக்கு ஒரு வழி இருக்குல்ல, அப்புடியே ஏறிப் போயிருக்கும்."

வாட்ச்மேன் மீரானைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "ஆமா சார், பன்னெண்டு மணிக்கு ஒரு பொம்பள கேட்டத் தாண்டிப் போச்சு. நம்ம மில்லு நீலச்சேலதான். தலையில துணி சுத்தியிருந்துச்சு" என்றார் மீரான். நீலச்சேலை அந்த மில்லில் முப்பது பேருக்குக் கொடுத்தது. அது அப்போது ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆவுடையப்பனுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்தது. ஊருக்கெல்லாம் சட்டம் போட்ட மகராசி, தன் பூட்டைத் தானே மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்! இதை வைத்தே ஒரு வருஷம் ஓட்டலாம். அப்படித்தான் நினைத்தார், பாவி மனுஷன்.

"அறுத்துரவா சார்?" என்று அவரே கேட்டார்.

மாஸ்டர் ஒரு கணம் தயங்கினார். மேலே யாரோ "சார், பதினேழாம் நம்பர் பூராவும் போச்சு!" என்று கத்தினார்கள். "அறுங்க. பூட்டுக்கு நான் காசு குடுத்துர்றேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

"அண்ணே, ஒரு எட்டு உள்ள போயிப் பாத்துட்டு..." என்று இழுத்தாள் கருப்பாயி.

"இருநூறு அடி போயி, அதுல பிரியிற கிளையெல்லாம் தேடி வரதுக்குள்ள மாஸ்டர் என்னையத் தூக்குல போட்ருவாரு. அவ இந்நேரம் ரெட்டியார்சத்திரத்துல எறங்கியிருப்பா."

இருந்தாலும் கருப்பாயி சுரங்கத்தின் வாயில் குனிந்து "ஏ சின்னக்கண்ணூ!" என்று மூன்று தடவை கூப்பிட்டாள். முப்பது ஃப்ரேமின் இரைச்சலில் அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

ஆவுடையப்பன் ஆக்சா பிளேடை மாட்டிப் பூட்டின் வளையத்தில் வைத்து இழுத்தார். கீச்சென்றது, வழுக்கியது. மறுபடி இழுத்தார். ஐந்து நிமிஷம் அறுத்த பிறகு நெல்மணி ஆழத்துக்கு ஒரு கோடு விழுந்திருந்தது. என்ன இரும்போ, என்ன பதமோ, அவள் புருஷன் வஞ்சனை இல்லாமல் காய்ச்சியிருந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. வளையம் பாதி அறுந்திருந்தபோது பிளேடு படக்கென்று இரண்டாக ஒடிந்தது.

சபித்துக்கொண்டே வேறு பிளேடு எடுக்கத் திரும்பினார். டூல்ஸ் பெட்டி ஸ்டார்ட்டருக்குக் கீழே இருந்தது. குனிந்தவரின் கண்ணுக்கு நேராக ஸ்டார்ட்டரின் கைப்பிடி. அதில் அவர் கட்டிய நூல்கயிறு, எண்ணெய் ஊறிக் கறுத்து, இறுக்கமாக நின்றது.

கை அப்படியே நின்றுவிட்டது.

மெயின் சுவிட்சைத் தூக்கிய மறு விநாடி ஃபேன் சுற்றும். மெதுவாக இல்லை, எடுத்த எடுப்பிலேயே முழு வேகத்தில். நடுவில் தடுக்க ஒன்றும் இல்லை. கம்பெனிக்காரன் வைத்த காவலைத் தன் கையாலேயே கட்டிப்போட்டாயிற்று. அவள் வைத்த காவலைத் தன் கையாலேயே பாதி அறுத்தாயிற்று. அவள் போய்விட்டாள் என்று கருப்பாயி நினைக்கிறாள், மீரான் நினைக்கிறார், மாஸ்டர் நினைக்கிறார். போகவில்லை என்று சொல்வது அந்தப் பூட்டு ஒன்றுதான். நாலு மாசத்தில் அந்தப் பூட்டு ஒரு நாளாவது பொய் சொல்லியிருக்கிறதா?

ஒடிந்த பிளேடைக் கீழே போட்டார். பியூஸ் மூன்றையும் பிடுங்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். டார்ச்சை எடுத்தார்.

"கருப்பாயி, இந்த எடத்த விட்டு அசையாத. கடவுளே வந்து கேட்டாலும் சுவிட்சுல கை வைக்க விடாத."

"மாஸ்டர் வந்தா?"

"செருப்பால அடி!" என்று சொல்லிவிட்டுச் சுரங்கத்துக்குள் இறங்கினார்.

இருபது வருஷமாக அந்த ஃபேனை ஓட்டியவர், ஒரு நாளும் அதன் அடிக்குப் போனதில்லை. பெண்கள் செய்கிற வேலைதானே என்ற நினைப்பு. உள்ளே காலை வைத்ததும் மூச்சு முட்டியது. தலைக்கு மேல் கான்கிரீட் தளம். அதற்கும் மேலே முப்பது ஃப்ரேம், ஆயிரக்கணக்கான கதிர்கள். அந்த அதிர்வு முதுகெலும்பில் இறங்கியது. பல் கிடுகிடுத்தது. இரண்டு பக்கச் சுவரும் வெள்ளை வெளேரென்று பஞ்சு படிந்து, பெண்கள் சுரண்டிய இடம் மட்டும் சிமெண்டாகத் தெரிந்தது. அம்மாடி, எவ்வளவு தூரம் சுரண்டியிருக்கிறார்கள்! குனிந்த முதுகோடு, வாயில் துணி கட்டிக்கொண்டு, தினமும் இந்த இருநூறு அடியையும் இவர்கள் கழுவிவிட்ட சட்டி மாதிரி ஆக்கியதால்தான் மேலே இத்தனை பேர் மூச்சு விட்டிருக்கிறார்கள். இவர்கள் வந்த பிறகு ஃபேன் இழுக்கிற கரண்டு எட்டு ஆம்பியர் குறைந்ததை அவர் மீட்டரில் பார்த்திருந்தார். தன் பராமரிப்பு என்று மாஸ்டரிடம் சொல்லியும் இருந்தார். இப்போது அதை நினைத்து வெட்கமாக இருந்தது.

கிளைகளில் டார்ச் அடித்துக்கொண்டே போனார். ஆள் இல்லை. ஒவ்வொரு கிளையும் காலியாக இருக்க இருக்க, 'போய்த்தான் விட்டாளோ' என்று மனசு ஆசைப்பட்டது. சுரங்கம் திரும்பி, உயரமாக விரிந்தது. ஃபேன் தெரிந்தது.

ஆவுடையப்பன் நின்றார்.

எட்டடி வட்டம். ஆள் உயரத்தில் பாதி இருக்கும் ஒவ்வொரு இறக்கையும். மேலே எங்கிருந்தோ விழுந்த வெளிச்சத்தில் மூன்று இறக்கைகள் துடைத்து வைத்த குத்துவிளக்கு போல மின்னின. நாலாவது இறக்கையில் வேலை நடந்துகொண்டிருந்தது. ஃபேனின் வட்டத்துக்குள்ளேயே, நடுக் குடத்தில் முதுகைச் சாய்த்து, ஒரு காலை இந்த இறக்கைக்கும் அந்த இறக்கைக்கும் நடுவில் தொங்கவிட்டுக்கொண்டு, வீட்டு வாசற்படியில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தாள் சின்னக்கண்ணு. துணியால் இறக்கையின் இடுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தூசி புகாமல் இருக்க இரண்டு காதிலும் பஞ்சு அடைத்திருந்தாள். ஏதோ முணுமுணுத்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் துடைத்தாள்.

அவருக்குக் கும்பிடத் தோன்றியது. இறக்கையையா, அவளையா, பாதி அறுந்து இன்னும் தொங்கிக்கொண்டிருக்கிற இரும்பையா என்று தெரியவில்லை. டார்ச் வெளிச்சத்தை அவள் கையில் காட்டினார். அவள் திரும்பிப் பார்த்து, ஒரு காதின் பஞ்சை எடுத்தாள்.

"என்னண்ணே, நீங்க போயி இதுக்குள்ள! வழி தப்பிட்டீகளா?"

"பஸ்ஸுக்குப் போகலயா நீ?"

"பிள்ளையோட அப்பன் லீவு போட்டுட்டுப் போயிருச்சு. பத்து மணிக்கு வேலியோரமா வந்து எங்கிட்டச் சொல்லிட்டுப் போச்சு. மேல என்ன இம்புட்டு அதிருது? கரண்டு வந்துருச்சா?"

"வந்து அரை மணி ஆச்சு."

"வரட்டும். எனக்கென்ன?" என்றாள் சின்னக்கண்ணு. "அதான் பூட்டுத் தொங்குதே. செத்த இருங்க, இந்த ஒரு எலைதான் பாக்கி."

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி துடைக்க ஆரம்பித்துவிட்டாள். உலகத்தில் யாரும் யாரையும் இவ்வளவு நம்பி அவர் பார்த்ததில்லை. தாலி கட்டிய புருஷனைக்கூட ஒரு பெண் இப்படி முதுகைக் காட்டி நம்புவாளா என்று தோன்றியது. அவள் துடைத்து முடிக்கிற வரை அவர் சுவரோரமாக நின்று, பையில் இருந்த பியூஸ்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மூன்றும் இருந்தன. திரும்பவும் எண்ணினார்.

இரண்டு பேரும் பேனல் ரூமுக்கு வந்தபோது அங்கே சின்னக் கூட்டம் கூடியிருந்தது. கருப்பாயி சுவிட்சை மறைத்துக்கொண்டு கையை விரித்து நின்றாள். எதிரே ஸ்தனிஸ்லாஸ் மாஸ்டர். சின்னக்கண்ணுவைக் கண்டதும் மாஸ்டர் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். கருப்பாயி சுவரில் சாய்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

சின்னக்கண்ணு ஒருவரையும் கவனிக்கவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, சாவியை எடுத்து, பூட்டைக் கையில் பிடித்தவள் அப்படியே நின்றாள். வளையத்தில் அறுத்த இடம் பளபளவென்று தெரிந்தது.

"எவன் இந்த வேல பாத்தது?"

கீழே ஒடிந்த பிளேடு கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள், ஆவுடையப்பன் கையில் அப்பியிருந்த இரும்புத் தூளைப் பார்த்தாள்.

"ஏண்ணே, ஒங்களுக்கு அறிவிருக்கா? இது எங்க வீட்டுக் கதவுப் பூட்டுண்ணே! மூணு நாளு ராத்திரி ஒக்காந்து ராவி ராவிச் செஞ்சு குடுத்துச்சு அந்த மனுசன். கடையில வச்சா அம்பது ரூவாய்க்கு வாங்க ஆளிருக்கு. இன்னைக்கு ராத்திரி எத வச்சு நான் கதவச் சாத்த? கேக்குறேன்ல? ஒங்க பொருளுன்னா இப்புடி அறுப்பீகளா? வயசுக்குத் தக்கன புத்தி வேணாம்? கைய ஒடிச்சு அடுப்புல வச்சாத்தான் சரி வரும்!"

மில்லில் யாரும் ஆவுடையப்பனை அப்படிப் பேசியதில்லை. அவர் தலையைக் குனியவில்லை. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசைவதையும், அவள் கழுத்து நரம்பு புடைப்பதையும், புருவத்துப் பஞ்சு ஆடுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். இவள் ஏசுகிறாள், இவளுக்குக் கோபம் வருகிறது, இவளுக்கு மூச்சு வாங்குகிறது என்று ஒவ்வொன்றும் அவருக்கு அதிசயமாக இருந்தது.

"ஏசு தாயி" என்றார். "நிறுத்தாம ஏசு."

அவள் குழம்பிப்போய் நிறுத்திவிட்டாள். அப்போதுதான் கருப்பாயியின் கேவல் அவள் காதில் விழுந்தது. திரும்பி அவளைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், வரிசையாக வாயடைத்து நிற்கிற ஆட்களைப் பார்த்தாள்.

"என்னங்கடி இது? எதுக்கு இவ இப்புடி அழுவுறா?" என்றாள். "யாரு செத்துப் போனா?"

"யாரும் சாகல தாயி" என்றார் ஆவுடையப்பன். பேனலைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.